குகைக்குள் மாட்டிய லிஃப்ட் மெக்கானிக்

இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான விளையாட்டு வகுப்பில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் ஃபெயில் ஆகிவிட்டாராம். பிள்ளை இல்லை, அவர். முதலில் கிளம்பிய செய்தி இவ்வளவுதான். முடிதிருத்தும் கடையை விட்டு வெளியே வந்தபோது அதற்குக் கால் முளைத்திருந்தது: ஓட்டப் பந்தயத்தில் பச்சைப் பிள்ளைகளை முந்திக்கொண்டு முதலாவதாக வந்தாராம், அதனால் வெளியே அனுப்பிவிட்டார்களாம். இஸ்திரிக் கடையில் இறக்கையும் முளைத்தது: பிள்ளைகள் தவழ்கிற குழாய்க்குள் சிக்கிக்கொண்டாராம், தீயணைப்பு வண்டி வந்து ரம்பம் வைத்து அறுத்து எடுத்தார்களாம். அந்தப் பக்கத்து மாடிக் கட்டடங்களில் குடியிருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது அவர் கையால் லிஃப்டிலிருந்து மீட்கப்பட்டவர்கள். மீட்கிறவரே மாட்டினார் என்றால் சொல்லும் வாய்க்கும் கேட்கும் காதுக்கும் தனி ருசிதானே.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இஸ்திரிக் கடையில் நெருப்பு எப்போதும் இருக்கிறது, அதனால் அங்கே வருகிற புகையை நம்ப வேண்டியதில்லை. வகுப்பு நடத்தும் டீச்சர், சம்பவத்தின்போது கூடவே இருந்த பல் டாக்டரம்மா, சம்பவத்தைக் காதால் மட்டும் கேட்ட மெக்கானிக்கின் சூப்பர்வைசர் என்று ஒவ்வொருவராக விசாரித்ததில் மூன்று பேரும் சிரித்தார்கள். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர் எழுந்து, கையை ஆட்டி, தரையில் படுத்தே காட்டி, முழுக் கதையையும் சொன்னார். தீயணைப்பு வண்டி வரவில்லை. பந்தயம் நடக்கவில்லை. ஃபெயிலும் இல்லை. மாட்டியது மட்டும் சத்தியம்.

நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது அவருக்கு. தோள் அகலம், வயிறு அதற்குப் போட்டி. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி நின்று எண்ணெய்க் கையோடு மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தே நின்றுவிட்டது. அதனால் அவர் பணிவாகப் பேசினாலும் திமிராகப் பேசுவது போல இருக்கும். வீட்டுக்கு வருவதற்குள் மகள் தூங்கிவிடுவாள். காலையில் அவள் பால் குடிக்கும் நேரத்தில் இவர் போனில் யாரையாவது சமாதானப்படுத்திக்கொண்டிருப்பார். மகளை வீட்டில் குண்டூசி என்பார்கள். ஆள் சிறிது, முனை கூர்.

வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான் அப்பனும் மகளும் முகம் பார்த்துக்கொள்வது. சனிக்கிழமை காலை, அந்த விளையாட்டு வகுப்பு. மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். சனிக்கிழமைதான் அங்கே கூட்டம் அதிகம். அதனால் கூட்டிப் போகும் பொறுப்பு இவருக்கு வந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டபோது அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

"ரெண்டு வயசுக் குழந்தைக்கு என்னய்யா விளையாட்டு வகுப்பு? பொறந்ததுலேருந்து அது வேற என்ன பண்ணிக்கிட்டு இருக்கு?"

"அப்பா அம்மாவும் கூடச் சேர்ந்து விளையாடணும் சார். அதுதான் வகுப்பு."

"அப்ப உனக்குத்தான் வகுப்புன்னு சொல்லு. சரி போ. வகுப்பு நடக்கிற வரைக்கும் சனிக்கிழமை காலைல உனக்கு வேலை வராது. வகுப்பு நின்னுச்சுன்னா வேலை பெல்ட்டை மாட்டிக்கிட்டு நேரா இங்க வந்துரணும், புரியுதா?"

புரிந்தது. வகுப்பு இருந்தால் மகள் உண்டு. வகுப்பு போனால் அந்த ஒரு மணி நேரமும் போச்சு.

வகுப்பு ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் நடக்கிறது. கீழே வார்னிஷ் வாசனை, மேலே ரப்பர் பாய் வாசனை. ஏறினதும் செருப்பு அடுக்கும் பலகை, அதைத் தாண்டினால் நீலப் பாய். பாய் மேல் வளையங்கள், உட்கார்ந்தால் அமுங்குகிற பஞ்சுக் கட்டிகள், தரையோடு தரையாக ஒரு நடைப்பலகை, கடைக்கோடியில் மஞ்சள் துணியைக் கம்பிச் சுருள் மேல் போர்த்திய நீளக் குழாய். பிள்ளைகளுக்கு அது குகை. டீச்சர் ஒரு காலத்தில் பந்தயங்களில் நீளம் தாண்டியவர். கழுத்தில் விசில் தொங்கும். ஊதினால் பாதி வகுப்பு அழும் என்பதால் ஊதுவதில்லை, கையைத்தான் தட்டுவார்.

டீச்சரிடம் ஒரே சட்டம். பிள்ளையைப் பார்த்து 'செய்' என்று யாரும் சொல்லக் கூடாது. 'வா', 'போ', 'குதி', 'பாரு அந்தப் பாப்பா எப்படிக் குதிக்குது' எதுவும் கூடாது. பெற்றவர்கள் செய்து காட்ட வேண்டும், பிள்ளை பார்த்துச் செய்யும். வாயை மூடு, உடம்பை அசை. வாழ்நாள் முழுக்க இதற்கு நேர்மாறாகப் பிள்ளை வளர்க்கிற ஜனங்களுக்கு இது பெரிய தண்டனை. வங்கி மேனேஜர் ஒருவர் முதல் நாளே நாக்கைக் கடித்துக் கடித்து, மறுவாரம் மனைவியை அனுப்பிவிட்டார்.

மெக்கானிக்குக்குச் சட்டம் பிடித்திருந்தது. பிடிக்காதது குண்டூசிக்குத்தான். முதல் நாள் மாடி ஏறினாள், செருப்புப் பலகையைப் பார்த்தாள், அங்கேயே உட்கார்ந்தாள். வந்தவர்கள் கழற்றிப் போட்ட செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்தாள். பெரியதோடு பெரியது, சின்னதோடு சின்னது. நீலப் பாய் பக்கம் ஒரு விரல்கூட வைக்கவில்லை. அடுத்த வாரமும் செருப்பு. அதற்கடுத்த வாரமும் செருப்பு. இதற்கிடையில் மெக்கானிக் பாயில் தனியாகத் தவளை மாதிரி குதித்தார், நண்டு மாதிரி நடந்தார், குட்டிக்கரணம் போட்டார். ஒவ்வொரு கரணத்துக்கும் மாடி அதிர்ந்தது. கீழே கடைக்காரர் அலமாரி சாய்ந்துவிட்டதோ என்று தலையை நீட்டிப் பார்த்தார்.

"குண்டூசியப்பா, ரொம்ப நல்லா வருது உங்களுக்கு," என்றார் டீச்சர். புகழ்ச்சியா நக்கலா என்று பிரிக்க முடியாத குரல்.

பல் டாக்டரம்மாவின் மகன் பாய் நடுவில் நின்று இதையெல்லாம் மேற்பார்வை பார்ப்பான். இடுப்பில் கை வைத்து அவன் நிற்கிற நிற்பைப் பார்த்து எல்லோரும் நாட்டாமை என்றே கூப்பிட்டார்கள். மெக்கானிக் கரணம் போட்டு வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், "இன்னொன்னு," என்பான். இவரும் இன்னொன்று போடுவார்.

ஓடாத லிஃப்டுக்கு எப்படியும் ஒரு காரணம் இருக்கும் என்பது மெக்கானிக்கின் மதம். மகளையும் அப்படியே பார்க்கத் தொடங்கினார். மின்சாரம் வருகிறதா? வகுப்புக்கு முன் வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தார். கதவு உராய்கிறதா? காலுறையை மாற்றினார். பாரம் கூடுதலா? சட்டைக்கு மேல் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றினார். ஒருநாள் ராசியில்லாத படியோ என்று அவளைத் தூக்கி வேறு படியில் வைத்து ஏற்றினார். குண்டூசி வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு செருப்படுக்கப் போனாள்.

வீட்டில் மனைவிக்குச் சிரிப்பு. "என்னங்க, உங்க பொண்ணு செருப்புக்கடை வைக்கப் போறா. நீங்க சர்க்கஸ்ல சேரப் போறீங்க. நான்தான் குடும்பத்தைக் காப்பாத்தணும் போல."

மனைவியின் அக்கா சிரிக்கவில்லை. போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புள்ளை கொஞ்சம் மந்தமோ? யாருகிட்டயாச்சும் காட்டுங்களேன்," என்றார். அக்கா குரலைத் தாழ்த்தினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். மெக்கானிக் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்தச் சுற்றின் கடைசி வகுப்புக்கு முந்தின வாரம் டீச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க. வெளிய நிறைய பேர் காத்திருக்காங்க. அடுத்த சுற்று வகுப்புக்கு இடம் கொடுக்கணும்னா பாப்பா ஒரு தடவையாச்சும் பாய்ல கால் வைக்கணும். நீங்க வெச்சதைக் கணக்குல எடுக்க முடியாதுங்க."

"அடுத்த வாரம் வைக்கலைன்னா?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அடுத்த வருஷம் வரை சனிக்கிழமை காலையெல்லாம் பெல்ட், குழி, எண்ணெய். படி இறங்கும்போது தோளில் கிடந்த குண்டூசி அவர் காதைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். அந்தக் காதை அவர் வீட்டுக்கு வந்தும் துடைக்கவில்லையாம்.

கடைசி சனிக்கிழமை. நேரத்தோடு கிளம்பி, மகளுக்குத் தலைசீவி, கதவைப் பூட்டும்போதே விதி கீழே காத்திருந்தது. அவர் குடியிருக்கிற கட்டடத்தின் லிஃப்டே நின்றுவிட்டது. உள்ளே நாலாவது மாடிக்காரர், கையில் காய்கறிப் பை. "தம்பீ! நீ வீட்டுலதான் இருக்கேன்னு தெரியும்!" என்று உள்ளேயிருந்து அலறல். விட்டுவிட்டா போக முடியும்? வீட்டுக்குள் ஓடி, கொக்கி தொங்கும் வேலை பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டி, மேலே ஏறி, கதவைத் திறந்து, ஆளையும் வெண்டைக்காயையும் வெளியே எடுத்துவிட்டு, மகளை இடுக்கிக்கொண்டு ஓட்டம்.

மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி வகுப்பு முடிந்திருந்தது. செருப்பைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்ற மறந்தார். குண்டூசி தன் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குக் கடைசி நாள் என்று எல்லாப் பிள்ளைகளின் இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் வந்திருந்ததால் அவளுக்கு வேலை நிறைய.

மெக்கானிக் வெறி பிடித்தவர் போல எல்லாவற்றையும் செய்தார். குதித்தார், நடந்தார், உருண்டார், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பலகைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். முதுகுதான் தெரிந்தது. மிச்சமிருந்தது குகை. குகைக்குள் பெரியவர்கள் போவதில்லை. மறுமுனையில் குனிந்து முகத்தைக் காட்டினால் போதும். ஆனால் பதறிக் கிடந்த மனசுக்கு அது போதவில்லை. லிஃப்ட் கூரையில் இருக்கும் திறப்பைவிட இது அகலம் என்று கண்ணளவில் ஒரு கணக்குப் போட்டார். வரிசையில் அடுத்து நின்றவன் நாட்டாமை.

"தம்பி, மாமா ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன். அப்புறம் நீ. சரியா?"

நாட்டாமை நெடுநேரம் யோசித்தான். "சரி. அப்புறம் நான்."

"அப்புறம் நீதான்."

தலை போனது, தோள் போனது, வயிறும் மூச்சைப் பிடித்ததில் போனது. குகை நடுவில் ஒரு வளைவு. அங்கே இடுப்பு பெல்ட்டின் கொக்கி கம்பிச் சுருளில் மாட்டியது. முன்னே இழுத்தார், சுருள் கூடவே வந்து இறுகியது. பின்னே தள்ளினார், துணி முதுகில் சுருண்டது. கை இரண்டும் முன்னால் நீட்டிக் கிடந்தன, மடக்க இடமில்லை. வெளியேயிருந்து பார்த்தவர்களுக்கு மஞ்சள் மலைப்பாம்பு ஒன்று ஆட்டை விழுங்கிவிட்டு யோசிக்கிற மாதிரி இருந்ததாம். பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள். இதுவரை பார்த்த விளையாட்டிலேயே இதுதான் உருப்படியானது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையிலிருந்து போன் நழுவி மூக்குக்கு முன்னால் விழுந்து அடித்தது. சூப்பர்வைசர். எடுக்காவிட்டால் வேறு வம்பு. மூக்காலேயே அழுத்தினார்; ஸ்பீக்கரும் சேர்ந்து திறந்துகொண்டது.

"எங்கய்யா இருக்க? உன் பில்டிங் லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டாருன்னு போன் வந்துச்சு."

"அவரை எடுத்துட்டேன் சார். இப்ப வேற ஆள் மாட்டியிருக்கு."

"யாரு?"

"நான்தான் சார்."

"எத்தனாவது மாடியில?"

"மாடி இல்ல சார். குகை."

"குடிச்சிருக்கியா?"

"பல்லுகூட விளக்கலை சார், அவசரத்துல வந்துட்டேன். யாராச்சும் வாங்களேன்! என்னால அசைய முடியலை!"

இந்தக் கடைசி வாக்கியம்தான் செருப்புப் பலகை வரை கேட்டது. குண்டூசி திரும்பினாள். கையிலிருந்த ஒற்றைச் செருப்பைக் கீழே வைத்தாள். எழுந்தாள். நீலப் பாயின் ஓரத்துக்கு வந்தாள். டீச்சர் தட்டப் போன கையைக் காற்றிலேயே நிறுத்திக்கொண்டார். எல்லோருடைய நாக்கும் வாய்க்குள் துடித்தது. யாரும் 'வா' என்று சொல்லவில்லை. குண்டூசி பாயில் கால் வைத்தாள். வைத்தவள் நிற்கவும் இல்லை. வளையத்தைச் சுற்றிக்கொண்டு, பஞ்சுக் கட்டிகளைத் தாண்டிக்கொண்டு, குகையின் மறுவாய்க்கு நேராகப் போய், மண்டியிட்டு, உள்ளே நுழைந்தாள்.

மெக்கானிக் தலையைத் தூக்கினார். மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு கொண்டை, நடுவில் மகள் முகம். கைக்கெட்டும் தூரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் மூக்கின் மேல் கை வைத்துச் சொன்னாள்:

"பயப்பதாதீங்க. கதவைத் தொதாதீங்க. மூச்சு விதுங்க. நான் வந்துத்தேன்."

தினமும் காலையில் அவள் பால் குடிக்கும்போது, எந்தெந்த மாடியிலோ மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் போனில் சொல்கிற அதே வார்த்தைகள், அதே மரியாதை, அதே நிதானம். பெற்ற அப்பனை 'நீங்க' போட்டு அவள் பேசினது அன்றைக்குத்தான். லிஃப்டுக்குள் மாட்டியவர்கள் இந்த வார்த்தைகளைக் கேட்டதும் ஏன் அழுகிறார்கள் என்று அவருக்கு இத்தனை வருஷமாகப் புரிந்ததில்லை.

"சரிங்க," என்றார்.

"யாருய்யா அது?" என்றது போன்.

"நான் மெக்கானிக்," என்றாள் குண்டூசி.

பின்பக்கம் பல் டாக்டரம்மா குகைக்குள் கையை விட்டுவிட்டார். குறுகலான இடத்தில் கண் தெரியாமல் துழாவுவது அவருக்குத் தினப்படி வேலை. "அண்ணா, அசையாதீங்க. வலிக்காது. கொக்கிதானே? இதோ தட்டுப்படுது. வாயைத் திறந்து... ஐயோ, பழக்க தோஷம், மூடிக்கோங்க." ஒரு திருகு, ஒரு இழுப்பு. கொக்கி விட்டது. விட்ட வேகத்தில் மஞ்சள் துணி ஒரு முழத்துக்குக் கிழிந்து, மெக்கானிக் மகளோடு சேர்ந்து மறுவாய் வழியே பாயில் வந்து விழுந்தார்.

விழுந்ததும் அழுவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். குண்டூசி எழுந்து சுற்றிலும் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். முதலில் தவளை. அடுத்து நண்டு. அப்புறம் வளையத்துக்கு வளையம் தாவல். நடைப்பலகையில் கையை விரித்துக்கொண்டு ஒரு நடை. எல்லாம் அப்பா அத்தனை வாரமும் செய்த அதே வரிசை, ஒன்றுகூட மாறவில்லை. கரணம் போட்டு எழுந்தவள் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பாதீ, முத்தி போச்சு," என்றாள். மாடியே சிரித்தது. முதுகைக் காட்டிக்கொண்டே இத்தனையையும் பார்த்திருக்கிறாள்! எந்த இடத்தில் அப்பா பலகைப் பக்கம் ஓரக்கண் விடுவார் என்பதையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் நடுவில் நின்று செருப்புப் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். டீச்சர் வழக்கத்தை மறந்து, விசிலை எடுத்து ஊதியே விட்டார். இரண்டு பிள்ளைகள் அழுதன. யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

மெக்கானிக் பாயில் உட்கார்ந்தபடியே, "பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பார்க்காதவர் அங்கே யாருமில்லை. குகைக்குள் கிடந்த போனிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"என்னய்யா அங்க நடக்குது? என்ன கூச்சல்?"

"பாய்ல கால் வெச்சுட்டா சார்! இடம் கிடைச்சுருச்சு சார்! வகுப்பு இருக்கு சார்!"

"எந்தப் பாய்ல? யாரு கால்? சரி, என்னவோ. சனிக்கிழமை காலைல உனக்கு வேலை வராது, போ. ஆனா அந்தச் சின்ன மெக்கானிக்கை ஒருநாள் ஆபீசுக்குக் கூட்டிட்டு வா. நம்ம ஆளுங்க யாரும் போன்ல அவ்வளவு மரியாதையாப் பேசறதில்லை."

இப்படிச் சொன்ன சூப்பர்வைசர்தான் அன்று சாயங்காலமே முடிதிருத்தும் கடையில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்துகொண்டு, "எங்க மெக்கானிக் குழந்தைங்க வகுப்புல..." என்று ஆரம்பித்தவர். கத்தி தாடையில் இருந்ததால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மிச்சத்தைக் கடையில் இருந்தவர்கள் அவரவர் வசதிக்கு முடித்துக்கொண்டார்கள். வதந்தியின் ஊற்று இவ்வளவுதான். மனைவியின் அக்காவுக்கும் செய்தி போனது. "நான் அப்பவே சொன்னேன், அவ கெட்டிக்காரின்னு," என்றார், இந்தத் தடவை குரலைத் தாழ்த்தாமல்.

எல்லாம் சுபம் என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். நாட்டாமை விட மாட்டேன் என்கிறான்.

அவன் முறையைத்தான் மெக்கானிக் அன்றைக்குக் கேட்டு வாங்கினார். 'அப்புறம் நீதான்' என்று வாக்கும் கொடுத்தார். அப்புறம் குகையே இல்லை. கிழிந்த துணியும் நெளிந்த கம்பியுமாகத் தையற்காரரிடம் போனது. அவர் துணியைத் தைப்பாராம், கம்பியைத் தொட மாட்டாராம். கம்பிக்காரர் கம்பியை நிமிர்த்துவாராம், துணி இருந்தால் தொட மாட்டாராம். புது வகுப்பு தொடங்கிவிட்டது. குண்டூசி இப்போது மாடி ஏறினதும் செருப்பை உதறிவிட்டுப் பாயில் பாய்கிறாள். மெக்கானிக் பின்னாலேயே ஓடுகிறார், பெல்ட் இல்லாமல். பாதி ஓட்டத்தில் அவர் காற்சட்டையை ஒரு சின்னக் கை பிடித்து நிறுத்துகிறது.

"மாமா. என் குகை."

மேசைக்கு மேல் போர்வை போட்டுக் கொடுத்தார். வேண்டாம். லிஃப்ட் மோட்டார் வந்த பெரிய அட்டைப் பெட்டியின் இரண்டு பக்கமும் வெட்டி, தூக்க முடியாமல் தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தார். நாட்டாமை அதைச் சுற்றி வந்து பார்த்தான். உள்ளே தலையை விட்டான். வெளியே எடுத்தான்.

"இது மஞ்சள் இல்லை," என்றான்.

போன வாரம் மெக்கானிக் பெயிண்ட் கடையில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் எந்த மஞ்சள் என்று கேட்டிருக்கிறார். இவர் ஒன்றைக் காட்டி, பிறகு இன்னொன்றைக் காட்டி, கடைசியில் எதையும் வாங்காமல், குகைக்குச் சொந்தக்கார ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.